கணக்குப் புத்தகத்திடம் தோற்ற கிரீடம்

இங்கிலாந்து மன்னர் முதலாம் சார்லஸின் தோல்வியைப் பற்றிச் சென்ற இதழில் வெளிவந்த கட்டுரை வெறும் இரங்கற்பாவாக இருந்திருந்தால் நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன். தலை வெட்டப்பட்ட மன்னனுக்காக ஒருவர் கண்ணீர் வடிக்க விரும்பினால் தடுக்க நான் யார்? ஆனால் கட்டுரையாளர் கண்ணீரோடு நிற்கவில்லை. 1642 முதல் 1646 வரை நடந்த உள்நாட்டுப் போரில் நாடாளுமன்றம் ஏன் வென்றது என்பதற்கு நான்கு காரணங்களை அடுக்கிவிட்டு, சபைகள் போர்களை வெல்வதில்லை, தனி மனிதர்களே வெல்கிறார்கள் என்று கடைசிப் பத்தியில் தீர்ப்பும் எழுதியிருக்கிறார். லண்டனின் பணம், இளவரசர் ரூபர்ட்டின் அவசரபுத்தி, கிராம்வெல் என்ற ஒற்றை மேதை, ஸ்காட்லாந்துக்காரர்களின் துரோகம் ஆகியவையே அவருடைய நான்கு காரணங்கள். பணம்தான் முடிவு செய்தது என்றால் போர் தொடங்கும்போதே முடிந்துவிட்டது. பிறகு ரூபர்ட் குதிரையை எந்தப் பக்கம் திருப்பியிருந்தால் என்ன? ரூபர்ட்தான் கெடுத்தார் என்றால் வெற்றி மன்னருக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருந்திருக்க வேண்டும். அப்படியானால் லண்டனின் பணம் அதுவரை என்ன செய்துகொண்டிருந்தது? கிராம்வெல்லின் மேதைமை போதுமென்றால் ஸ்காட்டுகள் எதற்கு, ஸ்காட்டுகளின் துரோகம் போதுமென்றால் கிராம்வெல் எதற்கு? ஒன்றையொன்று வெட்டிச் சாய்க்கும் நான்கு காரணங்களை ஒரே கயிற்றில் கட்டி இழுத்து வந்து, வாசகர் இதையெல்லாம் எங்கே கவனிக்கப் போகிறார் என்று நினைத்திருக்கிறார். இந்த இதழின் வாசகர்களைப் பற்றி அவரைவிட எனக்கு உயர்ந்த அபிப்பிராயம் உண்டு.

முதலில் பணத்தை எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் அவர் அதிகம் தடுமாறுவது இங்கேதான். பணக்கார லண்டன் ஏழை மன்னரை நசுக்கிவிட்டது என்கிறார். லண்டன் பணக்கார நகரம்தான். மூன்றரை லட்சத்துக்குக் குறையாத மக்கள், நாட்டின் வெளிநாட்டு வணிகத்தில் பெரும்பங்கு, சுங்க வருவாய், லண்டன் கோபுரக் கோட்டையின் ஆயுதக் கிடங்கு எல்லாம் அங்கே இருந்தன. ஆனால் அந்த லண்டன் யாருடைய தலைநகரம்? 1642 ஜனவரி 4 அன்று சார்லஸ் ஆயுதம் தாங்கிய ஆட்களை வாசலில் நிறுத்திவிட்டு மக்களவைக்குள் நுழைந்து ஐந்து உறுப்பினர்களைக் கைது செய்யப் பார்த்தார். அவர்கள் முன்பே நழுவியிருந்தார்கள். வெறுங்கையோடு திரும்பியவர், ஆறே நாளில் குடும்பத்தோடு தலைநகரை விட்டு வெளியேறினார். நாட்டின் கஜானாவையும் ஆயுதக் கிடங்கையும் மிகப் பெரிய துறைமுகத்தையும் எதிரியிடம் விட்டுவிட்டு ஒரு மன்னர் ஓடும்படி ஆனது ஏன் என்று கட்டுரையாளர் ஒரு வரி எழுதியிருக்க வேண்டாமா? எழுதியிருந்தால் மிளகு விவகாரத்தையும் சொல்ல வேண்டி வந்திருக்கும்.

1640ஆம் ஆண்டு. ஸ்காட்லாந்தோடு மூண்ட போருக்குச் சார்லஸிடம் காசில்லை. லண்டன் கோபுரத்து நாணயச்சாலையில் வணிகர்கள் நம்பி ஒப்படைத்திருந்த, ஏறத்தாழ 1,30,000 பவுண்டு பெறுமான வெள்ளியின் மேல் கை வைத்தார். நகரமே கொந்தளித்தது, 40,000 பவுண்டு கடன் தருவதாக வணிகர்கள் ஒப்புக்கொண்ட பிறகுதான் கையை எடுத்தார். அடுத்து கிழக்கிந்தியக் கம்பெனியின் கிடங்கில் இருந்த மிளகைக் கடனுக்கு வாங்கினார். விலை 60,000 பவுண்டுக்கு மேல். வாங்கிய விலையைவிடக் குறைத்து ரொக்கத்துக்கு விற்றார். கம்பெனிக்கு வரவேண்டிய தொகை முழுதாக வந்து சேரவே இல்லை. அதே 1640இல்தான் அந்தக் கம்பெனியின் ஆட்கள் சென்னைக் கடற்கரையில் புனித ஜார்ஜ் கோட்டையைக் கட்டத் தொடங்கியிருந்தார்கள். அந்தக் கோட்டைக்கு ஆகும் செலவைக் கண்டு முகம் சுளித்த லண்டன் முதலாளிகளின் சரக்கை, அவர்களுடைய மன்னரே வாரிக்கொண்டு போனார். இத்தனைக்கும் அவர்கள் மன்னரின் விரோதிகள் அல்லர். நகரத்துப் பெருந்தனக்காரர்களில் பலர் 1642இலும் மன்னர் பக்கம் சாய்ந்திருந்தவர்கள். அவர்களுடைய ஏகபோகத்துக்குப் போட்டியாக 1635இல் கோர்ட்டீன் என்பவரின் குழுவுக்கு உரிமம் கொடுத்தவரும் இதே சார்லஸ்தான். சொந்த ஆதரவாளரின் கிடங்கைக் காலி செய்த ஒருவருக்கு எந்த வணிகர் மறுபடி கடன் கொடுப்பார்? லண்டனின் பணம் நாடாளுமன்றத்தின் பிறவிச் சொத்து என்பதுபோல எழுதுகிறவர், அதன் வாசலைத் தனக்குத் தானே அடைத்துக்கொண்டவர் யார் என்பதை மறைக்கிறார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கும் வேலை இது.

லண்டன் தானாகவும் நாடாளுமன்றத்தின் மடியில் வந்து விழவில்லை. 1641 டிசம்பர் நகரசபைத் தேர்தலில் மன்னருக்கு எதிரானவர்கள் வலுப்பெற்றார்கள். மன்னரின் ஆளான நகரத் தலைவர் ரிச்சர்டு கர்னி அடுத்த ஆண்டு பதவி பறிக்கப்பட்டுச் சிறையில் வைக்கப்பட்டார். அந்த இடத்துக்கு ஐசக் பென்னிங்டன் வந்தார். 1642 ஜூனில் பணமும் வெள்ளிப் பாத்திரமும் குதிரையும் வேண்டும் என்று நாடாளுமன்றம் கேட்டபோது மக்கள் நகரசபைக் கட்டடமான கில்டுஹாலுக்குக் கொண்டுபோய்க் கொட்டினார்கள். வீட்டில் வேறு வெள்ளி இல்லாத பெண்கள் தையல் வேலைக்கு விரலில் மாட்டும் உறையைக் கழற்றிக் கொடுத்தார்கள், தலையில் செருகும் ஊசியைக் கொடுத்தார்கள். மன்னர் கட்சிக்காரர்கள் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். அவர்கள் சிரித்துக்கொண்டிருந்த அதே போரில் ஆக்ஸ்போர்டு கல்லூரிகளின் வெள்ளித் தட்டுகள் உருக்கப்பட்டு மன்னரின் நாணயங்களாயின. வித்தியாசம் என்னவென்றால் கல்லூரித் தட்டுகள் ஒரு முறைதான் உருகும். விரலுறையைக் கொடுத்த பெண்ணின் வீட்டிலிருந்து அடுத்த வாரம் வரியும் வந்தது.

வரி என்றதும் கட்டுரையாளர் ஏன் சட்டென்று பேச்சை மாற்றுகிறார் என்பது எனக்குத் தெரியும். சார்லஸ் நாடாளுமன்றத்தைக் கேட்காமல் விதித்த கப்பல் வரி, நன்றாக வசூலான ஆண்டுகளில் நாடு முழுவதிலும் ஏறத்தாழ 2 லட்சம் பவுண்டு தந்தது. அதில் தன் பங்குக்கு விழுந்த 20 ஷில்லிங்கைக் கட்ட மறுத்துத்தான் ஜான் ஹாம்டன் வழக்காடினார். பன்னிரண்டு நீதிபதிகளில் ஏழு பேர் மன்னர் பக்கம், ஐந்து பேர் எதிர்ப்பக்கம். சரி, நாடாளுமன்றம் என்ன செய்தது? 1643 பிப்ரவரியில் ஒவ்வொரு மாவட்டத்துக்கும் வாராந்தரத் தொகை நிர்ணயித்தது. அதே ஆண்டு ஜூலையில் பீர், சைடர், புகையிலை, ஒயின் ஆகியவற்றின் மேல் கலால் வரி போட்டது. அடுத்த ஆண்டு இறைச்சிக்கும் உப்புக்கும் அதை நீட்டியது. 1645இல், தான் புதிதாக அமைத்த 'புதிய மாதிரிப் படை'க்கென்று மட்டும் மாதம் 53,000 பவுண்டுக்கு மேல் விதித்தது. ஆண்டுக்கு 6 லட்சத்தைத் தாண்டும், அதுவும் தன் பிடியில் இருந்த மாவட்டங்களில் இருந்து மட்டும். சார்லஸ் கனவிலும் கேட்டிராத தொகை இது. 20 ஷில்லிங்குக்காக அரசரையே நீதிமன்றத்துக்கு இழுத்த மக்கள், அதைப் போலப் பல மடங்கை மூன்று நான்கு ஆண்டுகள் எப்படிக் கட்டினார்கள்? போரின் புதிர் இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. 'லண்டன் பணக்கார நகரம்' என்பது இதற்குப் பதிலாகுமா?

அவர்கள் முனகாமல் கட்டினார்கள் என்று நான் சொல்லவில்லை. 1647 பிப்ரவரியில் ஸ்மித்பீல்டு சந்தையில் இறைச்சி வரிக்கு எதிராகக் கலவரம் மூண்டு, வசூல் அலுவலகமே கொளுத்தப்பட்டது. எதிர்க்கட்சி நிலங்களைப் பறிமுதல் செய்த குழுக்களின் கெடுபிடி சகிக்க முடியாததாக இருந்தது. ஆனாலும் இந்த வரிக்குப் பின்னால் தொகை எழுதிய ஒரு சட்டம் இருந்தது, அதைப் பிரித்துப் பங்கிட்ட உள்ளூர்க் குழு இருந்தது, வாங்கியதற்கு ரசீது இருந்தது, அந்தக் குழுவையே தணிக்கை செய்ய இன்னொரு குழு இருந்தது. 1644இல் நாட்டின் கணக்குகளை ஆராய அமைக்கப்பட்ட அந்தக் குழுவின் தலைவர் வில்லியம் பிரின். மன்னரின் நீதிமன்றம் முன்பு எழுத்துக் குற்றத்துக்காகக் காதுகளை அறுத்த அதே பிரின். காதை இழந்தும் நாவை அடக்காத ஒரு பிடிவாதக்காரரைத் தன் சொந்த அதிகாரிகளின் கணக்கைக் கிளற உட்கார வைத்தது இந்தச் சபை. சார்லஸின் பக்கத்தில் இதற்கு ஈடாக ஒன்றைக் கட்டுரையாளர் காட்டட்டும்.

காட்ட முடியாது. 1644இல் ஆக்ஸ்போர்டில் தன் ஆதரவு உறுப்பினர்களைக் கூட்டி மன்னரும் கலால் வரி போட்டார். நாடாளுமன்றத்தைப் பார்த்து அப்படியே எடுத்துக்கொண்டது அது. விதித்தார், சரி, வசூலித்தவர் யார்? அந்தந்தக் கோட்டையின் தளபதி, குதிரைப்படையோடு போய். போன மாதம் ஒரு தளபதி வாங்கிய ஊரில் இந்த மாதம் வேறொரு தளபதி வாங்கினார். செங்கோல் ஏந்தியவன் கேட்பதை வேல் ஏந்திய வழிப்பறிக்காரன் கேட்பதோடு வள்ளுவர் ஒப்பிட்டது இப்படிப்பட்ட வசூலை நினைத்துத்தான். 1645இல் வில்ட்ஷயர், டார்செட், சாமர்செட், ஹியர்ஃபோர்டுஷயர் விவசாயிகள் இரு தரப்புப் படையும் வேண்டாம் என்று தடியும் அரிவாளும் எடுத்துத் திரண்டார்கள். அவர்களை நாடாளுமன்றப் படையும் அடக்கியது. கிராம்வெல்லே டார்செட்டில் ஒரு கூட்டத்தைக் கலைத்தார். ஆனால் லாங்போர்ட்டில் மன்னர் படை தோற்றுச் சிதறியபோது, தப்பியோடியவர்களை வழிமறித்து அடித்தவர்கள் சாமர்செட்டின் இந்த விவசாயிகள். மன்னரின் தளபதி கோரிங்கின் குதிரை வீரர்கள் தங்கள் கொட்டில்களில் செய்துவிட்டுப் போனதை அவர்கள் மறக்கவில்லை.

மன்னர் ஏழை என்பதும் சப்பைக்கட்டு. 1643 முடிவில் வேல்ஸ், வடக்கு, மேற்கு என்று நாட்டின் பெரும்பகுதி அவர் கையில் இருந்தது. பிரிஸ்டல் துறைமுகம் அந்த ஜூலையில் அவரிடம் விழுந்தது. நியூகாசிலின் நிலக்கரி அவரிடம் இருந்தது. அந்தக் குளிர்காலத்தில் லண்டன்தான் கரியில்லாமல் நடுங்கியது. உஸ்டர் பிரபு போன்றவர்கள் பரம்பரைச் செல்வத்தையே அள்ளிக் கொடுத்தார்கள். அரசி ஹென்றியெட்டா மரியா நகைகளோடு ஹாலந்துக்குப் போய் ஆயுதம் வாங்கி வந்தார். கடற்படை மட்டும் மன்னரிடம் இல்லை. கப்பல் வரிப் பணத்தில் அவரே வளர்த்த அந்தக் கடற்படை 1642 ஜூலையில் வாரிக் பிரபுவின் தலைமையில் நாடாளுமன்றத்தின் பக்கம் போயிற்று. ஹல், பிளிமத், லைம் ஆகிய துறைமுகங்கள் நிலத்தில் முற்றுகைக்குள்ளாகியும் விழாமல் நின்றது கடல்வழி வந்த உணவாலும் வெடிமருந்தாலும்தான். கட்டுரையாளரின் பத்துப் பக்கங்களில் கடல் என்ற சொல்லே கிடையாது.

வர்க்கக் கோட்பாட்டையும் அரைகுறையாக இழுத்திருக்கிறார்: எழுச்சி பெற்ற வணிக வர்க்கம், வீழ்ந்துகொண்டிருந்த நிலப்பிரபுக்கள் என்று. பிரன்டன், பென்னிங்டன் ஆகிய இரு ஆய்வாளர்கள் அந்த நாடாளுமன்றத்தின் உறுப்பினர்களை ஆள் ஆளாக ஆராய்ந்து 1954இல் புத்தகமே போட்டார்கள். இரு பக்கமும் ஒரே மாதிரி நிலக்கிழார்கள், வழக்கறிஞர்கள், வணிகர்கள். எடுப்பாகத் தெரிந்த வேறுபாடு வயது: மன்னர் பக்கம் போனவர்கள் சராசரியில் பத்து வயது இளையவர்கள். கோட்பாட்டைக் கையில் எடுக்கிறவர் எழுபது ஆண்டுப் பழைய மறுப்பையாவது படித்துவிட்டு வர வேண்டாமா?

இனி ரூபர்ட். மன்னரின் அக்காள் மகன். போர் தொடங்கியபோது வயது 22. 1642 அக்டோபர் 23 அன்று எட்ஜ்ஹில்லில் எதிரிக் குதிரைப்படையைச் சிதறடித்துவிட்டு, களத்தை மறந்து கைன்டன் ஊர் வரை துரத்திக்கொண்டு போனார். அதற்குள் நாடாளுமன்றத் தளபதி பால்ஃபரின் சிறு குதிரைப்பிரிவு திரும்பிவந்து மன்னரின் காலாட்படையைப் பிளந்தது. கொடி தாங்கிய எட்மண்ட் வெர்னி கொல்லப்பட்டார். 1645 ஜூன் 14 அன்று நேஸ்பியிலும் ரூபர்ட் வலப்பக்க வெற்றியோடு எதிரியின் சாமான் வண்டிகள் வரை போய்விட்டார். இவை உண்மை. ஆனால் எட்ஜ்ஹில்லின் காலையில் நடந்ததைக் கட்டுரையாளர் ஏன் விழுங்கிவிட்டார்? படைத் தலைவர் லிண்ட்சி பிரபு டச்சு முறையில் காலாட்படையை நிறுத்தச் சொன்னார். ரூபர்ட் ஸ்வீடிஷ் முறை என்றார். மன்னர் மருமகன் பக்கம் சாய்ந்தார். ஏனென்றால் தன் கட்டளையைத் தவிர வேறு எவர் கட்டளைக்கும் ரூபர்ட் கட்டுப்பட வேண்டியதில்லை என்று முன்பே எழுதிக் கொடுத்திருந்தார். படைத் தலைவர் தலைமையைத் துறந்து, தன் சொந்தப் பிரிவின் முன்னால் ஒரு கர்னலாக நின்று, அங்கே பட்ட காயத்தால் இறந்தார். போரின் முதல் பெருஞ்சமரில், முதல் குண்டு வெடிக்கும் முன்பே, படைத் தலைவர் விலகிவிட்டார். இது ரூபர்ட்டின் வயதுக் கோளாறா, மன்னரின் ஆட்சிமுறையா?

நேஸ்பி இன்னும் மோசம். அங்கே போரிட வேண்டாம் என்று சொன்னவரே ரூபர்ட்தான்; போரிடச் சொன்னவர்கள் டிக்பி முதலிய அரசவைப் பேச்சாளர்கள். சுமார் 14,000 பேர் கொண்ட படையை 10,000 பேருக்கும் குறைவானவர்களோடு எதிர்க்க வேண்டி வந்தது ஏனென்றால், கோரிங் தன் குதிரைப்படையோடு மேற்கிலிருந்து வர மறுத்துவிட்டார். வர முடியாது என்று அவர் எழுதிய கடிதம் மன்னர் கைக்குப் போகும் முன்பே நாடாளுமன்றப் படைத் தலைவர் ஃபேர்ஃபாக்ஸின் கையில் சிக்கியது. கோரிங்கை மன்னர் நீக்கினாரா? இல்லை. செப்டம்பரில் பிரிஸ்டலை ஒப்படைத்த ரூபர்ட்டைத்தான் நீக்கினார். சொன்ன பேச்சைக் கேட்காத தளபதி பதவியில் இருந்தார், சரியான ஆலோசனை சொன்னவர் வெளியேற்றப்பட்டார். அரண்மனையில் யார் காதருகில் நின்றார் என்பதே அங்கே தகுதி. இந்த லட்சணத்தில் எல்லாப் பழியையும் இருபத்தைந்து வயதுக்காரன் தலையில் கட்டுவது, ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதைதான்.

இரண்டு மணி நேரம் வேறு மாதிரிப் போயிருந்தால் மன்னர் வென்றிருப்பார் என்ற வாதத்தின் அடிப்படையே பிழை. மன்னர் பல களங்களில் வென்றார், ஐயா. 1643இல் ஏட்வால்டன் மூர், ரவுண்ட்வே டவுன், பிரிஸ்டல் எல்லாம் அவருடையவை. 1644இல் அதைவிடப் பெரிய வெற்றி லாஸ்ட்விதியலில் கிடைத்தது. கார்ன்வாலின் மூலையில் சிக்கிய நாடாளுமன்றப் படைத் தலைவர் எசெக்ஸ் பிரபு மீன்பிடிப் படகில் ஏறித் தப்பினார். கைவிடப்பட்ட ஏறத்தாழ 6,000 காலாட்கள் செப்டம்பர் 2 அன்று ஆயுதங்களையும் நாற்பது வாக்கில் பீரங்கிகளையும் வைத்துவிட்டுச் சரணடைந்தார்கள். மழையில் நனைந்து, வழியில் கொள்ளையடிக்கப்பட்டு, செருப்பில்லாமல், பசியில் பலர் செத்து, மீதிப்பேர் தெற்குக் கடற்கரை வந்து சேர்ந்தார்கள். அவர்களுக்குத் துணியும் துப்பாக்கியும் லண்டனிலிருந்து வந்தன. அக்டோபர் 27 அன்று, எட்டு வாரத்துக்குள், அதே ஆட்கள் இரண்டாம் நியூபரிச் சமரில் ஸ்பீன் கிராமத்தின் மேல் பாய்ந்து, கார்ன்வாலில் தாங்கள் இழந்த பீரங்கிகளில் சிலவற்றையே திரும்பப் பிடித்தார்கள். கட்டுரையாளர் இந்த எட்டு வாரத்தைத் தாண்டிக் குதித்துவிட்டார். குதிக்காமல் இருந்திருந்தால் அவருடைய கட்டுரை அங்கேயே நின்றிருக்கும்.

மூன்றாவது காரணம் கிராம்வெல். நாடாளுமன்றம் சண்டை போட்டுக்கொண்டிருந்த வாய்ச்சொல் வீரர்களின் கூடாரமாம், ஒரு மேதை வந்து அதைக் காப்பாற்றினாராம். 1642இல் அந்த மேதை அறுபது குதிரைகளுக்குத் தலைவரான ஒரு கேப்டன். எட்ஜ்ஹில் முடிகிற நேரத்துக்குத்தான் வந்து சேர்ந்தார். மறு மாதம் நவம்பர் 13, ஞாயிற்றுக்கிழமை, மன்னரின் படை லண்டன் வாசலில் டர்னம் கிரீனில் நின்றபோது அதைத் தடுத்தவர்கள் யார்? எசெக்ஸின் படையோடு சேர்ந்து அணிவகுத்த, கடையைச் சாத்திவிட்டு வந்த நகரத்துத் தொழிலாளர்களும் பயிற்சிப் பையன்களும். மொத்தம் 24,000 பேர். நகரத்துப் பெண்கள் வண்டி வண்டியாகச் சமைத்த உணவும் பீரும் அனுப்பினார்கள். படை உட்கார்ந்து சாப்பிட்டது. அதில் பாதியளவே இருந்த மன்னரின் படை பார்த்துவிட்டுத் திரும்பிப் போயிற்று. அதன் பிறகு சார்லஸ் படையோடு லண்டனை அவ்வளவு நெருங்கவே இல்லை. ஒரு பெரும் சமரும் இல்லாமல் போரின் போக்கைத் தீர்மானித்த அந்த ஞாயிற்றுக்கிழமையில் மேதை எங்கே?

1645இன் புதிய மாதிரிப் படையின் தலைவரும் கிராம்வெல் அல்லர், தாமஸ் ஃபேர்ஃபாக்ஸ். கிராம்வெல் குதிரைப்படைக்குத் தலைவராக நேஸ்பிக்கு முந்தின நாள்தான் வந்து சேர்ந்தார். அன்று அவர் சிறப்பாகப் போரிட்டார். வென்ற பிரிவுகளைக் கட்டுக்குள் நிறுத்தி மன்னரின் காலாட்படைமேல் திருப்பியது அவர்தான். அதை நான் ஏன் மறுக்க வேண்டும்? ஆனால் அந்தப் படை பைபிளும் வாளும் ஏந்திய பக்தர்களின் கூட்டம் என்று எழுதுவது கதை அளத்தல். திட்டமிட்ட 14,400 காலாட்களில் பாதி வாக்கில் ஊர்களிலிருந்து கட்டாயமாகப் பிடித்து வரப்பட்டவர்கள். நாளுக்கு 8 பென்ஸ் சம்பளம். பிடிபட்ட மன்னர் படைக் கைதிகளையும் சேர்த்துக்கொண்டார்கள். இந்தப் 'புனிதப் படை' நேஸ்பியில் வென்ற பிறகு, மன்னர் படையோடு வந்த நிராயுதபாணிப் பெண்கள் நூறு பேர் வரை வெட்டிக் கொன்றது. பலருடைய முகத்தைக் கீறிச் சிதைத்தது. பக்தியைப் பற்றிப் பாடுகிறவர் இந்தப் பிணங்களைத் தாண்டித்தான் பாட வேண்டும்.

படையின் பலம் அது உண்டாக்கப்பட்ட விதத்தில் இருந்தது. லாஸ்ட்விதியலுக்கும் இரண்டாம் நியூபரிக்கும் பிறகு, மன்னரை முழுதாகத் தோற்கடிக்க மனமில்லாத பிரபுக்களால் போரை முடிக்க முடியாது என்று நாடாளுமன்றத்தில் மாதக்கணக்கில் வாதம் நடந்தது. கட்டுரையாளர் இதைத்தான் சச்சரவு என்று இகழ்கிறார். அந்தச் சச்சரவின் முடிவில் 1645 ஏப்ரல் 3 அன்று, இரு அவைகளின் உறுப்பினர் எவரும் படைப் பதவியில் தொடரக் கூடாது என்ற சட்டம் நிறைவேறியது. எசெக்ஸ், மான்செஸ்டர், வாரிக், வாலர் எல்லாரும் பதவியிழந்தார்கள். நாட்டின் முதல்தரப் பிரபுக்களை, போரின் நடுவில், இரத்தம் சிந்தாமல், ஓட்டுப் போட்டு வீட்டுக்கு அனுப்பியது ஒரு சபை. கோரிங் ஒருவரை அசைக்க முடியாத மன்னரோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். கிராம்வெல்லுக்கு விதிவிலக்கு கொடுத்தார்களே என்றால், ஆம், கொடுத்தார்கள். அதையும் தவணை தவணையாக நாடாளுமன்றமே கொடுத்தது.

ஸ்காட்டுகளின் 'துரோக'த்துக்கு நான் அதிகம் செலவழிக்கப் போவதில்லை. 1637இல் அவர்கள் மேல் ஒரு பிரார்த்தனைப் புத்தகத்தைத் திணித்து, அதற்காக 1639இலும் 1640இலும் அவர்கள்மேல் படையெடுத்துத் தோற்றவர் சார்லஸ். 1643 செப்டம்பரில் நாடாளுமன்றத்தின் ஜான் பிம் அவர்களோடு உடன்படிக்கை செய்தார். அடுத்த ஜனவரியில் 20,000 வாக்கில் ஸ்காட் வீரர்கள் எல்லை தாண்டினார்கள். ஜூலை 2 அன்று மார்ஸ்டன் மூரில் வடக்கு முழுவதும் மன்னரிடமிருந்து போயிற்று. அதே 1643 செப்டம்பரில் அயர்லாந்துக் கிளர்ச்சியாளர்களோடு போர்நிறுத்தம் செய்து அங்கிருந்து படைகளை வரவழைத்தவர் யார்? நேஸ்பியில் பிடிபட்ட மன்னரின் கடிதப்பெட்டியை நாடாளுமன்றம் அச்சிட்டு விற்றது. அயர்லாந்துக் கத்தோலிக்கர்களுக்கு என்னென்ன வாக்குறுதி கொடுக்கத் தயாராக இருந்தார், வெளிநாட்டுப் படைக்கு எப்படி அலைந்தார் என்பதை இங்கிலாந்து அவர் கையெழுத்திலேயே படித்தது. பிம் செய்தால் துரோகம், மன்னர் செய்தால் ராஜதந்திரமா? தங்கள் கைக்கு வந்து சேர்ந்த மன்னரை ஸ்காட்டுகள் 4 லட்சம் பவுண்டுக்கு நாடாளுமன்றத்திடம் விற்றார்கள் என்று கட்டுரையாளர் எழுதுகிறார். அது அவர்களுடைய படைக்கு ஏற்கெனவே தரவேண்டியிருந்த பாக்கி. அது மட்டுமல்ல, தன்னை 'விற்ற' அதே ஸ்காட்டுகளோடு 1647 டிசம்பரில் ரகசிய உடன்பாடு செய்து இரண்டாவது போரைக் கிளப்பியவரும் சார்லஸ்தான். துரோகிகளை இவ்வளவு சீக்கிரம் மன்னித்து அணைத்துக்கொண்ட மன்னரைவிடக் கட்டுரையாளருக்கு ரோஷம் அதிகம் போலிருக்கிறது.

இத்தனை ஓட்டைகளோடு ஒருவர் ஏன் எழுத வேண்டும் என்று கேட்டால், விடை அந்தக் கடைசிப் பத்தியில் இருக்கிறது. அவருக்குச் சார்லஸ் மேல் காதல் கிடையாது. வாதம் செய்கிற, ஓட்டுப் போடுகிற, கணக்குக் கேட்கிற எந்தச் சபையும் ஆபத்து வேளையில் உதவாது, எல்லாவற்றையும் ஓர் ஆளிடம் ஒப்படைத்துவிட வேண்டும் என்பதை நிறுவ அவருக்கு ஒரு வரலாறு தேவைப்பட்டிருக்கிறது. அதற்காக வெற்றியைக் கிராம்வெல்லுக்குக் கொடுத்தார், தோல்வியை ரூபர்ட்டுக்குக் கொடுத்தார்; இரண்டு ஆள், ஒரு நாடகம். நடுவில் குழுக்களும் வரிப் பட்டியல்களும் தணிக்கையும் சலிப்பூட்டும் விவரங்களாகக் கழிக்கப்பட்டன. ஆனால் போரைத் தீர்மானித்தவை அவைதாம். நாடாளுமன்றத்துக்கு நான் மாலை போடவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1647இல் அதுவே தன் படைக்குச் சம்பளப் பாக்கியைக் கொடுக்காமல் கலைக்கப் பார்த்தது. படை கலைய மறுத்தது. 1648 டிசம்பர் 6 அன்று கர்னல் பிரைடு அவையின் வாசலில் நின்று உறுப்பினர்களைப் பொறுக்கி வெளியேற்றினார். கொடுக்க வேண்டியதைக் கொடுக்காமல் ஏமாற்றப் பார்த்த சபைக்கும், மிளகுக்குப் பணம் கொடுக்காத மன்னருக்கு நேர்ந்ததே நேர்ந்தது. என் வாதத்துக்கு இது எதிரான சான்று என்று கட்டுரையாளர் நினைத்தால், வாதத்தையே அவர் புரிந்துகொள்ளவில்லை.

மறுப்பு எழுதுவதாயிருந்தால் நேஸ்பி மைதானத்தின் குதிரைக் குளம்படிகளை மறுபடி வர்ணிக்க வேண்டாம். ஒரே ஒரு கேள்விக்குப் பதில் எழுதட்டும். 1644 செப்டம்பரில் தன் முதன்மைக் காலாட்படை முழுவதையும் இழந்த நாடாளுமன்றம் எட்டு வாரத்தில் மீண்டும் களத்தில் நின்றது. 1645 ஜூனில் நேஸ்பியில் தன் காலாட்படையை இழந்த மன்னரால், வேல்ஸும் மேற்கும் இன்னும் கையில் இருந்தும், அதன் பிறகு பத்து மாதத்தில் அப்படி இன்னொரு படையைத் திரட்ட ஏன் முடியவில்லை? லண்டன், ரூபர்ட், கிராம்வெல், ஸ்காட்டுகள் என்ற நான்கு பெயர்களையும் உச்சரிக்காமல் இதற்கு அவர் விடை சொல்லிவிட்டால், அடுத்த இதழில் முதல் கடிதம் என்னுடையதாக இருக்கும்.